அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி இல்லை

1

புதன்கிழமைகளில் நான் ஒரு பெண்மணியுடன் நடக்கப் போவேன். நெதர்லாந்தின் தெற்கே நாங்கள் இருக்கும் ஊரில் கால்வாய் ஓரமாக ஒரு பாதை உண்டு. போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். அவர் பெயரையோ அவருக்கு என்ன துன்பம் என்பதையோ இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. நான் அவருக்கு மருத்துவர் இல்லை, ஆலோசகரும் இல்லை. மனம் உடைந்து படுத்துப் பிறகு எழுந்த ஒருத்தி, அதுதான் என் தகுதி. அப்படி எழுந்தவர்கள், இப்போது படுத்திருக்கும் ஒருவருக்கு வாரம் ஒருமுறை துணையாகப் போவது இங்கே ஒரு முறையான ஏற்பாடு. கூட்டம் கிடையாது, குழு கிடையாது. ஒருவருக்கு ஒருவர். அந்தத் துணைக்கு இந்த மொழியில் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு நீளமான ஒரு சொல் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ‘அனுபவத்தால் நிபுணரானவர்’ என்று வரும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு புதன்கிழமை, நடந்துகொண்டே அவர் கேட்டார், உனக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று. ஓர் அண்ணன் இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். ‘ஹெப்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஹாத்’ என்று வந்துவிட்டது. முதலாவது இருக்கிறான், இரண்டாவது இருந்தான். அந்தப் பெண்மணி சட்டென்று நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டில் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னார்.

இருபத்திரண்டு வருடமாக இந்த மொழியோடு மல்லுக்கட்டுகிறேன். அவசரத்தில் இப்படி ஏதாவது உளறுவேன். சாப்பாட்டு மேசையில் மகள் திருத்துவாள். அன்று திருத்த யாரும் இல்லை. ஒரு வார்த்தையில் நானே சரிசெய்திருக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கிறான் என்று சொன்னால், எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான், அடிக்கடி பேசுவாயா என்று அடுத்த கேள்விகள் வரும். நான் பேசாமல் இருந்துவிட்டேன். செத்துப்போன என் அண்ணனுக்காக இருவரும் கொஞ்ச தூரம் மௌனமாக நடந்தோம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் சென்னையில், கீழ்க்கட்டளை வீட்டில் டேனியல் அண்ணன் மாலை டீயைப் போட்டுக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருப்பான்.

2

டேனியல் என்னைவிட நான்கு வயது மூத்தவன். அப்பா தாம்பரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அண்ணன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் லேத் ஓட்டினான். கையில் எண்ணெய் நாற்றத்தோடு வருவான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச் பாடகர் குழுவில் நின்றால், கீழ்க்குரலில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு ஞாயிறு, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போனான். ஆர்மோனியத்துக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்றான். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது.

பிறகு நடந்ததை நம் ஊரில் பல வீடுகள் அறியும். உபவாச ஜெபம் நடந்தது, எண்ணெய் பூசினார்கள், கடைசியில் ஆஸ்பத்திரி. மாத்திரை போட்டதும் குரல்கள் அடங்கின. கூடவே அவனும் அடங்கிப்போனான். பட்டறைக்குப் போகவில்லை. நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது அம்மா எல்லாரிடமும், மகன் மஸ்கட்டில் இருக்கிறான் என்று சொன்னார். என் கல்யாணத்தன்று அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். மேடையில், அண்ணன் வரவில்லையா என்று யாரோ கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னது நான்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. கீழ்க்கட்டளை வீட்டின் மாடியில் அவன் தனியாக இருக்கிறான். கீழே ஒரு நல்ல குடும்பம் குடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வேன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, தண்ணி வருதா. அவன் மூன்றுக்கும் ஆமாம் என்பான். அதற்கு மேல் எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்காது. சரி அண்ணா, அப்புறம் பண்றேன் என்று எப்போதும் நான்தான் முதலில் வைப்பேன்.

அம்மா இறந்ததும், அவனை இங்கே அழைத்துக்கொள்ள முடியுமா என்று குடிவரவு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். கணவர், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் இவர்கள்தான் அவர்கள் கணக்கில் குடும்பம் என்றும், வயதுவந்த சகோதரருக்கு இடமில்லை என்றும் பணிவான மொழியில் பதில் வந்தது. என் கணவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். ஆனால் அந்தப் பதிலைப் படித்து முடித்ததும் உள்ளே முதலில் எழுந்தது நிம்மதி. அதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

3

எனக்கு வந்தது அண்ணனுக்கு வந்த நோய் அல்ல. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அம்மா போன அடுத்த குளிர்காலத்தில் ஒரு காலை எழுந்திருக்க முடியவில்லை. கால் கை எல்லாம் நன்றாக இருந்தது, எழத்தான் முடியவில்லை. இங்கே அதற்கும் ஒரு வழிமுறை உண்டு. நிறுவன மருத்துவர் பார்த்தார், விடுப்பு கொடுத்தார், மாத்திரை கொடுத்தார்கள். கூடவே மரைக்கே என்ற, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியை அனுப்பினார்கள். அவர் வந்து என் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எழுந்திரு என்று சொல்லவில்லை. நானும் இப்படித்தான் கிடந்தேன், இரண்டு வருடம், அப்போது எனக்கு வாசல் மணிச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் ஒளிந்துகொள்ளத் தோன்றும் என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மரைக்கேவோடு நடக்க ஆரம்பித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு, நீயும் இதற்குப் பயிற்சி எடுத்துக்கொள்ளேன் என்றார். நேர்முகத்தில், இந்த வேலைக்கு ஏன் வருகிறாய் என்று கேட்டார்கள். என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் போலிருக்கிறது, இடம் கிடைத்தது. பயிற்சி வகுப்பிலும் பலமுறை சொன்னேன். ஆர்மோனியத்தையும், அவன் புத்தகத்தை மூடிவிட்டு நடந்ததையும். மேசையைச் சுற்றி எல்லாரும் அசையாமல் கேட்பார்கள். இப்படி முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம், என் சொந்த மகளுக்குத் தெரியாது.

ரூத்துக்கு இப்போது பதினாறு. டேனி மாமா ஏன் தினமும் இத்தனை மாத்திரை போடுகிறார் என்று சிறுவயதில் கேட்டாள். சர்க்கரை வியாதி என்றேன். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றாள். தனியாக இருக்கப் பிடிக்கும் என்றேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். வயது ஏற ஏற, தமிழ் அவளிடமிருந்து ஒவ்வொரு சொல்லாகக் கழன்றுகொண்டு போயிற்று. நான் தமிழில் கேட்பேன். அவள் டச்சில் பதில் சொல்வாள். அவளோடு கனமான எதையும் பேசாமல் இருக்க எனக்கு அது ஒரு வசதியாகவும் ஆகிவிட்டது.

4

அண்ணனுக்கும் ஒருவர் துணைக்கு வருகிறார் என்பது எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது. அவனைப் பார்க்கும் மருத்துவரோடு சேர்ந்து இயங்கும் ஒரு சின்ன அறக்கட்டளையின் ஏற்பாடு. ‘பியர் சப்போர்ட்’ என்று அவன் போனில் சொன்னபோது எனக்கே பீர் என்றுதான் காதில் விழுந்தது. கீழ் வீட்டுக்காரர்களும் அப்படித்தான் பயந்தார்களாம். அதைச் சொல்லி அவன் சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

வந்தவர் பெயர் பாஸ்கர். ஐம்பது வயதுக்காரர். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்தவர். மனம் கட்டுமீறி ஏறிப்போய், பிறகு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும் நோய் அவருக்கு. ஒருமுறை உச்சத்தில் இருந்தபோது வகுப்பில் என்னவோ நடந்து வேலை போயிற்று. இப்போது மேற்குத் தாம்பரத்தில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு டியூஷன் எடுக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் வண்டி எடுத்துக்கொண்டு கீழ்க்கட்டளைக்கு வருவார். இருவரும் ஏரிக்கரை வரை நடப்பார்கள், கடையில் டீ குடிப்பார்கள், திரும்புவார்கள்.

எனக்கு உடனே சந்தேகம். நானே இங்கே செய்கிற வேலைதான். ஆனாலும் அங்கே, என் அண்ணன் விஷயத்தில், ஒரு நோயாளியை இன்னொரு நோயாளி பார்த்துக்கொள்வதா என்றுதான் தோன்றியது. அறக்கட்டளைக்குப் போன் போட்டு அவருக்கு என்ன பயிற்சி, யார் மேற்பார்வை என்று குடைந்தேன். பாஸ்கரிடமே பேசி, அண்ணன் எப்படி இருக்கிறான் என்று எனக்கு அவ்வப்போது சொல்ல வேண்டும் என்றேன். அவர் மரியாதையாக மறுத்தார். “டேனியல் எங்கிட்ட பேசறது எங்கிட்டயே இருக்கணும் மேடம். நீங்க அவர்கிட்டயே கேளுங்களேன்” என்றார். இதே பதிலை இங்கே ஒரு தாயிடம் நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது சரியாக இருந்தது, கேட்கும்போது கசந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ரூத்தை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அவள் தன் கைச்செலவில் டேனி மாமாவுக்கு ஒரு பரிசு வாங்கியிருந்தாள். சர்க்கரை சேர்க்காத பிஸ்கட், நான்கு டப்பா. பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து அவன் கையில் கொடுத்து, “மாமா, நோ சுகர். உங்களுக்கு நல்லது” என்று தயாராக வைத்திருந்த தமிழில் சொன்னாள். அண்ணன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. “தேங்க்ஸ்மா” என்று ஒன்றை எடுத்துக் கடித்தான். கீழ் வீட்டிலிருந்து பிளம் கேக் வந்தபோது ரூத் தட்டை அவன் எட்டாத பக்கம் நகர்த்திவைத்தாள். கேக் என்றால் அவனுக்கு உயிர். அவன் கையை இழுத்துக்கொண்டான். ஒரு சொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பாஸ்கர் வரவில்லை. அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு பால்கனியில் நின்றவன், இருட்டும் வரை நின்றான். போனை அவர் எடுக்கவில்லை. மறுநாள் நான் அவனுக்குத் தெரியாமல் அறக்கட்டளை ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். இளம் பெண். பாஸ்கர் சாருக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது, பல நாளாகத் தூக்கமில்லை, ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார் என்றாள். தனக்கு இப்படி ஆனால் டேனியலிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று அவர் நன்றாக இருக்கும்போதே கேட்டுக்கொண்டிருந்தாராம். “நான் சொல்லட்டுமா, இல்ல நீங்க கூட இருக்கறதால நீங்களே சொல்றீங்களா?” என்று கேட்டாள். நானே சொல்கிறேன் என்றேன்.

எனக்கு மனக்கண்ணில் ஓடியது ஒன்றுதான். அவர் விழுந்தது தெரிந்தால் இவனும் விழுவான். நான் ஊர் திரும்பும் நேரத்தில் விழுவான். அறைக்குள் போய், “பாஸ்கர் சார் ஏதோ விசேஷத்துக்கு வெளியூர் போயிருக்காராம் அண்ணா. வர பத்து நாள் ஆகுமாம்” என்றேன். சரி என்றான்.

5

செவ்வாய்க்கிழமை நானும் ரூத்தும் குரோம்பேட்டைக்குத் துணி எடுக்கப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினோம். வீடு பூட்டியிருந்தது. என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். அவன் போன் சார்ஜரில் கிடந்தது. செருப்பு இல்லை. மாத்திரை டப்பா மேசைமேல் திறந்திருந்தது. மத்தியானத்துக்கே போனார் என்று கீழ் வீட்டில் சொன்னார்கள்.

ஏரிக்கரைக்கு ஓடினேன். டீக்கடையில் கேட்டேன். சர்ச்சுக்குப் போனேன். தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடைசியில் ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். காலையில் டேனியல் சார் எனக்குப் போன் பண்ணாரே, பாஸ்கர் சாருக்கு எப்படி இருக்குன்னு கேட்டாரே, நீங்க சொல்லிட்டீங்கன்னு நினைச்சு நானும் எல்லாம் சொன்னேன் என்றாள். அவளே பாஸ்கரின் அக்காவிடம் பேசிவிட்டுத் திரும்ப அழைத்தாள். டேனியல் அங்கேதான் இருக்கிறார். விலாசம் அனுப்புகிறேன், போங்கள் என்றாள்.

மேற்குத் தாம்பரத்துக்கு ஆட்டோ பிடித்தோம். ரேடியல் ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. அங்கே என்ன கோலத்தில் இருக்கிறானோ என்று எனக்கு அழுகை அடங்கவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இன்னா மேடம், அழுதுகினே வர்றீங்க. ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டு, மாமாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதா என்று டச்சில் கேட்டாள்.

அந்த ஆட்டோவில்தான் சொன்னேன். வகுப்பில் அவ்வளவு நன்றாகச் சொன்ன கதை, இங்கே துண்டுதுண்டாகத்தான் வந்தது. சர்க்கரை இல்லை. மாமாவுக்கு இல்லாத குரல்கள் கேட்கும். இப்போது மாத்திரையால் அநேகமாகக் கேட்பதில்லை. நீ சின்னவள், பயப்படுவாய் என்று சொல்லவில்லை. ரூத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, “அந்த பிஸ்கட்?” என்றாள், தமிழில். கேக் தட்டை நகர்த்திவைத்த தன் கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

பாஸ்கரின் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பல நாள் தூங்காத முகம். முன்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பாஸ்கர் நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தார். சுவரெல்லாம் சாக்பீஸில் எண்கள். கல்லூரி, முதலமைச்சர், ரயில்வே என்று ஒரு வாக்கியம் முடியும் முன்பே அடுத்தது பிறந்துகொண்டிருந்தது. அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேகவைத்த வேர்க்கடலையை உரித்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தான். பாஸ்கர் நடக்கிற நடையில் அவ்வப்போது குனிந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மூன்று நாளில் அவர் சாப்பிட்டது அதுதான் என்று அக்கா கிசுகிசுத்தார்.

நான் உள்ளே காலெடுத்து வைத்தேன். எனக்குப் பயிற்சி இருக்கிறது. எப்படிப் பேசவேண்டும் என்று தெரியும். அண்ணன் தலையைத் தூக்கினான்.

“வெளியில இரு ஹெலன். இப்ப நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்.”

குரலில் கோபம் இல்லை. அம்மா சமையலறையில் இருந்து சொல்வதுபோலச் சொன்னான். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

உள்ளே பாஸ்கரின் குரல்தான் அதிகம் கேட்டது. நடுநடுவே அண்ணன் ஓரிரண்டு சொல் பேசினான். ஒருமுறை மட்டும் நீளமாகப் பேசினான். அது எனக்குக் கேட்டது. “சார், எனக்கு ஆர்மோனியம் பேசினப்ப அது பொய்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு அது நெஜம். உங்களுக்கும் இது நெஜம்தான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா தூங்காம இருந்தா நெஜமே பெருசாயிடுது சார். ஒரு ஊசி போட்டுக்கிட்டுத் தூங்குவோம். முழிச்சு எழுந்ததும் திரும்பப் பார்ப்போம்.”

பாஸ்கரின் நடைச் சத்தம் நின்றது. பிறகு, நீங்க கூட வருவீங்களா டேனியல் என்று கேட்டார். அண்ணன் வருவேன் என்றான். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கார் வரச்சொல்லப் போனார். பின் இருக்கையில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து போனார்கள். முன்னால் அக்கா. எங்களுக்கு இடமில்லை.

6

மறுநாள் காலை அவன் இட்லிக்கு மாவு எடுத்துவைத்துக்கொண்டிருந்தான். ரூத் இன்னும் எழுந்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

“வெளியூர் போயிருக்கார்னு சொன்னியே” என்றான், தட்டில் எண்ணெய் தடவிக்கொண்டே.

“நீ பயந்துடுவேன்னு சொல்லல அண்ணா.”

“பயந்தேன். டிரெய்ன் ஏறினாலே எனக்கு அந்தச் சத்தத்துக்குள்ள பேச்சு கேக்கும். பத்து வருஷமா டிரெய்ன் ஏறல. நேத்து பல்லாவரத்துல ஏறினேன். தாம்பரம் வர்ற வரைக்கும் பயந்துகிட்டேதான் நின்னேன். அதுக்காகப் போகாம இருக்க முடியுமா?”

அவன் மாவை ஊற்றி முடித்துக் குக்கரை மூடினான்.

“எனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது, ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னே எல்லாரும் பாத்துக்கிட்டீங்க. அம்மா, அப்பா, இப்ப நீ. நான் குறை சொல்லல. ஆனா நான் யாருக்காவது எதுக்காவது ஆவேன்னு ஒருத்தருக்கும் தோணல பாரு.”

நான் அவனிடம் பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அவன் கதையைச் சொல்லித்தான் எனக்கு அந்த இடம் கிடைத்தது என்பதையும் சொன்னேன். கால்வாய் ஓரத்தில் அவனைச் சாகடித்ததையும் சொன்னேன். எதையும் பாக்கி வைக்கவில்லை. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் அடுப்பைக் குறைத்துவிட்டு, “கதையைச் சொன்னது சரி. ஆனா மீதிக் கதையை எங்கிட்ட கேட்டிருக்கலாமே. உனக்குத் தெரிஞ்சது இருபத்தஞ்சு வயசு வரைக்கும்தானே” என்றான்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. இட்லி எடுத்துவைத்தான். அன்றிலிருந்து ஊர் திரும்பும் வரை, காலை நேரங்களில் மீதிக் கதையைக் கேட்டேன். சில நாள் சொன்னான். சில நாள், இன்னிக்கு வேணாம் என்றான். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்துக்குத் தினமும் போய்வந்தான். டிரெய்னில்தான். முதல் இரண்டு நாள் நான் கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். மூன்றாம் நாள் கேட்கவில்லை.

ஒருநாள் ரூத் அவனுக்கு எதிரே ஒரு பெரிய துண்டுக் கேக்கை வைத்தாள். அவன் முழுவதையும் சாப்பிட்டான்.

7

திரும்பி வந்த முதல் புதன்கிழமை, அந்தப் பெண்மணியிடம் என் அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று சொன்னேன். மொழிப் பிழையில் ஆரம்பித்தது, ஆனால் மௌனமாக இருந்தது பிழை அல்ல, நான் வேண்டுமென்றே செய்தது என்றும் சொன்னேன். அவர் கோபப்பட்டார். நான் அழுதேனே, என் அழுகைக்கு என்ன மரியாதை என்று கேட்டார். நியாயம். இரண்டு வாரம் அவர் நடக்க வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து, உன் அண்ணன் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

பாஸ்கர் ஒரு மாதத்துக்குள் வீடு திரும்பிவிட்டார். இன்னும் வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், இப்போது செவ்வாயும் வெள்ளியும் அண்ணன்தான் தாம்பரம் போகிறான். நீங்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு வேறு சிலருக்கும் துணையாக இருக்கலாமே என்று அறக்கட்டளையில் கேட்டார்களாம். எனக்கு ஒருத்தர் போதும் என்று சொல்லிவிட்டான்.

எனக்கு ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. வாரா வாரம் யாரோ ஒருவருக்கு முழுதாக ஒரு மணி நேரம் கொடுக்கிறேன். அவனுக்கு ஒரு போன். இப்போது கொஞ்சம் நீளமான போன். இந்தக் கணக்கு நேராகாது. நான் அவனுக்குப் பாஸ்கராக ஆக முடியாது என்பதும் இப்போது தெரிகிறது. பாஸ்கருக்கு அவன் தேறியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கு இருக்கிறது. அவன் தேறினால்தான் நான் இங்கே நிம்மதியாக இருக்க முடியும். அந்தச் சுயநலம் என் குரலில் அவனுக்கு எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

போன ஞாயிறு பேசிக்கொண்டிருக்கும்போது ரூத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனைக் கொடு என்று கை நீட்டினாள். ஸ்பீக்கரில் இருந்தது, அவள் அதை மாற்றவில்லை. நான் எழுந்திருக்கப் பார்த்தேன், இரு என்று சைகை செய்தாள். பிறகு, சொல் சொல்லாகத் தேடி எடுத்து, உடைந்த தமிழில் கேட்டாள்.

“மாமா, உங்களுக்கு வந்தது எனக்கும் வருமா?”

ஆட்டோவில் என்னிடம் கேட்காத கேள்வி. வராது, உனக்கு எதுவும் வராது என்ற பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கீழ்க்கட்டளைத் தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“தெரியலம்மா” என்றான். “எல்லாருக்கும் வராது. உனக்கு அநேகமா வராது. ஆனா வரவே வராதுன்னு நான் சொன்னா அது பொய்யாயிடும். ஒருவேளை என்னவோ மாதிரி இருந்தா, எனக்கு போன் பண்ணு. ராத்திரி ஆனாலும் பரவால்ல. அம்மாவுக்கு முன்னாடி எனக்குப் பண்ணு.”

ரூத் என்னைப் பார்த்தாள். கோபப்படுவேனோ என்று பார்த்தாளா, அனுமதி கேட்டாளா, தெரியவில்லை. அம்மாவுக்கு முன்னாடி என்ற சொல் எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. நான் தலையாட்டினேன்.

அவள் தன் போனை எடுத்து, அவன் நம்பரைச் சொல்லச் சொன்னாள். இத்தனை வருடத்தில் அது அவளிடம் இருந்ததில்லை. அவன் ஒவ்வொரு எண்ணாகத் தமிழில் சொன்னான். ஏழுக்கும் எட்டுக்கும் குழம்பி அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். நான் வாய் திறக்கவில்லை. அவர்களே சரிசெய்துகொண்டார்கள்.